யூரி மங்காவுக்குப் புதியவரா? செய்திக்கு முன் ஒரு தொகுதி

யூரி, அதாவது பெண்ணும் பெண்ணும் காதலிக்கிற கதைகள், ஜப்பானியப் படக்கதையான மங்காவில் என்னென்ன இருக்கின்றன என்று யாராவது கேட்டால், முன்பெல்லாம் இருபது பெயர்களை எழுதி அனுப்பிவிடுவேன். அதில் பாதி அப்போதுதான் அறிவிக்கப்பட்ட புதுத் தொடர்கள், நானே படிக்காதவை. கேட்டவர்களில் ஒருவர்கூட அந்தப் பட்டியலைத் தாண்டி வரவில்லை. ஒரு தோழி மட்டும் ஒரு மாதம் கழித்து, "நீ அனுப்பினதுல எது கதை, எது செய்தின்னே தெரியலடி" என்றாள். சரியாகத்தான் சொன்னாள். இந்த உலகத்தில் செய்தி கொட்டிக்கொண்டே இருக்கும். புதுத் தொடர், புது உரிமம், அனிமே (ஜப்பானிய அசைபடம்) அறிவிப்பு, ஏழாம் தொகுதி, கடைசி அத்தியாயம். ஒரு கதையைக்கூட முழுதாகப் படிக்காதவருக்கு இதெல்லாம் வெறும் இரைச்சல்.

அதனால் இங்கே வரிசையை மாற்றிவிட்டேன். முதலில் ஒரு கதை, அப்புறம் செய்தி, அதற்கும் அப்புறம் விமர்சனம். (மாங்கா என்று நீட்டினால் தமிழில் வேறு பொருள் வந்துவிடுகிறது, ஆகவே மங்கா என்றே எழுதுகிறேன்.)

முதல் படி: இரண்டு சொற்களைப் பிரித்துக்கொள்ளுங்கள்

யூரி என்றால் ஜப்பானிய மொழியில் லில்லிப் பூ. ஆண் தன்பாலீர்ப்பாளர்களுக்காக வந்துகொண்டிருந்த பராசொக்கு என்ற இதழின் பெயருக்கு 'ரோஜாக் கூட்டம்' என்று பொருள். அதன் ஆசிரியர் இதோ புங்காகு 1976இல் பெண் வாசகர்களின் கடிதங்களுக்கு ஒரு பகுதி ஒதுக்கி, அவர்களை யூரிசொக்கு, அதாவது 'லில்லிக் கூட்டம்' என்று அழைத்தார். பெயர் அங்கிருந்து பரவியது. அதே எழுத்துகளைச் சீனர்கள் பைஹே என்றும் கொரியர்கள் பேக்ஹாப் என்றும் படிக்கிறார்கள். ஜிஎல் என்று பார்த்தால் கேர்ள்ஸ் லவ். கிட்டத்தட்ட அதே பொருள்தான். பழைய ரசிகர்கள் 'ஷோஜோ ஐ' என்பார்கள். ஜப்பானில் அந்தச் சொல்லுக்கு வேறு, விரும்பத்தகாத பொருள் உண்டு. விட்டுவிடுவது நல்லது.

இப்போது முக்கியமான வேறுபாடு. யூரி என்பது கதையில் என்ன இருக்கிறது என்பதைச் சொல்லும் பெயர். எழுதியவர் யார், யாருக்காக எழுதினார் என்பதை அது சொல்லாது. சிறுவர் இதழிலும் யூரி வரும், வயதுவந்த பெண்களுக்கான இதழிலும் வரும். முழுத் தொடரும் முடிந்த பிறகும் இருவரில் ஒருவர்கூடத் தன்னை லெஸ்பியன் என்று சொல்லிக்கொள்ளாத கதைகள் ஏராளம். லெஸ்பியன் காமிக்ஸ் என்று நான் சொல்வது வேறு: தன்பாலீர்ப்புள்ள பெண்ணாக இந்த உலகத்தில் வாழ்வது எப்படி இருக்கிறது என்று உள்ளிருந்து பேசுவது. தகாஷிமா ரிகா 1990களின் நடுவில் ஃப்ரீனே என்ற ஜப்பானிய லெஸ்பியன் இதழில் வரைந்த 'ரிகா தே கான்ஜி' அந்த வகை. தன்பாலீர்ப்பாளர்கள் கூடும் இடமான டோக்கியோவின் ஷிஞ்சுகு நிச்சோமே பகுதிக்குப் புதிதாக வந்து சேரும் ஒரு பெண்ணின் கதை அது. ஓவியம் எளிமையாகத்தான் இருக்கும். ஆனால் பாத்திரங்களுக்குத் தோழிகளும் உண்டு, தங்களைக் குறிக்க ஒரு சொல்லும் உண்டு.

இரண்டும் ஒன்றையொன்று வெட்டிச் செல்லும் வட்டங்கள். யுசாகி சகாவோமியின் 'ஷி லவ்ஸ் டு குக் அண்ட் ஷி லவ்ஸ் டு ஈட்' யூரி அலமாரியில்தான் இருக்கிறது. சமைக்கப் பிடித்த நொமோதோவும் நிறையச் சாப்பிடப் பிடித்த பக்கத்து வீட்டுக் கசுகாவும் மெல்ல நெருங்குகிறார்கள். போகப்போக நொமோதோ தன்னைப் பற்றி லெஸ்பியன் என்ற சொல்லையே பயன்படுத்திப் பார்க்கிறாள். எனக்கு அந்த இடம் முத்தக் காட்சியைவிடப் பெரிது.

இந்த வேறுபாட்டை மனதில் வைத்துக்கொள்ளாமல் விமர்சனம் படித்தால் குழப்பம்தான் மிஞ்சும். "இதில் லெஸ்பியன் வாழ்க்கையே இல்லை" என்று ஒருவர் குறைப்படுவார், "இவ்வளவு இனிமையான யூரி படித்ததில்லை" என்று இன்னொருவர் உருகுவார். இருவரும் ஒரே புத்தகத்தைப் பற்றித்தான் பேசிக்கொண்டிருப்பார்கள்.

இரண்டாம் படி: முடிந்துபோன ஒரு தொடரை எடுங்கள்

ஓடிக்கொண்டிருக்கும் தொடரில் ஆரம்பிக்காதீர்கள். அடுத்த தொகுதிக்கு மாதக்கணக்கில் காத்திருக்கும் பொறுமை ரசிகர் ஆன பிறகு தானாக வரும். முதல் முறையே அந்தச் சோதனை வேண்டாம்.

என்னிடம் கேட்டால் மூன்று வாசல்களைக் காட்டுவேன்.

பள்ளிக்கூடக் காதல் பிடிக்குமென்றால் நகாதானி நியோவின் 'புளூம் இன்டு யூ'. 2015 முதல் 2019 வரை வந்தது, 8 தொகுதிகள். காதல் பாட்டுகளை ரசிக்கிற, ஆனால் தன்னிடம் ஒருவன் காதலைச் சொன்னபோது நெஞ்சில் ஒன்றுமே அசையாத யூ என்ற பெண்தான் நாயகி. அவளிடம் சீனியர் டோக்கோ காதலைச் சொல்கிறாள்; கூடவே, என்னைத் திருப்பிக் காதலித்துவிடாதே என்பதுபோல நடந்துகொள்கிறாள். இந்த முடிச்சை எட்டுத் தொகுதியும் அவிழ்க்கிற விதம் அருமை. 2018இல் அனிமே வந்தது, நன்றாகவே இருக்கும். ஆனால் அது கதையின் நடுவில் நின்றுவிடுகிறது. முடிவு வேண்டுமென்றால் புத்தகத்துக்குத்தான் வர வேண்டும்.

உண்மை வாழ்க்கை வேண்டும், இனிப்பு வேண்டாம் என்பவருக்கு நகாதா கபியின் 'மை லெஸ்பியன் எக்ஸ்பீரியன்ஸ் வித் லோன்லினஸ்'. ஒரே தொகுதி. ஓவியங்கள் பகிரும் பிக்சிவ் தளத்தில் அவரே வரைந்து போட்டது 2016இல் ஜப்பானில் புத்தகமாகி, 2017இல் ஆங்கிலத்தில் வந்து, 2018இல் சிறந்த மங்காவுக்கான ஹார்வி விருதையும் வாங்கியது. கறுப்பு, வெள்ளை, இளஞ்சிவப்பு மட்டும்தான் வண்ணம். தலைப்பைப் பார்த்துவிட்டுக் காதல் கதை என்று நினைத்துவிடாதீர்கள். மனச்சோர்வு, உணவுச் சிக்கல், தன்னைத் தானே காயப்படுத்திக்கொள்வது எல்லாம் வரும். நான் ஒரே இரவில் முடித்துவிட்டு, அடுத்த இரண்டு நாள் வேறு எதையும் தொடவில்லை. மனம் தளர்ந்திருக்கும் வாரத்தில் எடுக்க வேண்டாம்.

ஷிமுரா தகாகோவின் 'ஸ்வீட் ப்ளூ ஃபிளவர்ஸ்' மூன்றாவது. 2004 முதல் 2013 வரை வந்த 8 தொகுதிகள் ஆங்கிலத்தில் நான்காக அடங்கியிருக்கின்றன. மெதுவாக நகரும், பாத்திரங்கள் அதிகம், முகங்கள் ஒன்றுபோலத் தெரியும் இடங்களும் உண்டு. முதல் தொகுதியில் யார் யார் என்று ஒரு தாளில் குறித்துக்கொள்ளுங்கள், வெட்கப்பட ஒன்றுமில்லை. அதே ஆசிரியர் பின்னாளில் வரைந்த 'ஈவன் தோ வீ ஆர் அடல்ட்ஸ்' முப்பதைத் தாண்டிய, திருமணமான ஒரு பள்ளி ஆசிரியையின் கதை. சீருடைக் கதைகள் அலுத்தால் அங்கே போகலாம்.

'சிட்ரஸ்' எங்கே என்று கேட்பீர்கள். மிகப் பிரபலம், 10 தொகுதிகள், அனிமேயும் உண்டு. பெற்றோரின் மறுமணத்தால் சகோதரிகளான இருவர். தொடக்க அத்தியாயங்களில் சம்மதம் கேட்காத முத்தங்கள். பிடித்தவர்கள் பலர். முதல் புத்தகமாக நான் கொடுக்க மாட்டேன், அவ்வளவுதான்.

படிக்கும் முறை பற்றி ஒரு வரி: வலமிருந்து இடம், மேலிருந்து கீழ், பேச்சுக் குமிழ்களும் அப்படியே. தவறான பக்கத்திலிருந்து திறந்தால் பல பதிப்புகளில் "இது கடைசிப் பக்கம், திருப்புங்கள்" என்று அச்சிட்டே இருப்பார்கள். நான் முதன்முதலில் வாங்கியது ஒரு மூன்றாம் தொகுதி. எண் முதுகில் சின்னதாக இருந்தது, கவனிக்கவில்லை. முன்கதை தெரியாததால் எல்லோரும் ஏன் அழுகிறார்கள் என்றே விளங்கவில்லை.

மூன்றாம் படி: செய்தியைப் பிரித்துப் படிப்பது

ஒரு தொடரை முடித்துவிட்டீர்களா? இப்போது செய்திகளைத் திறக்கலாம். எந்தச் செய்தியைப் பார்த்தாலும் முதலில் கேட்க வேண்டியது: இது இன்று படிக்கக் கிடைக்குமா, இல்லை வெறும் அறிவிப்பா?

ஜப்பானில் புதுத் தொடர் தொடங்குகிறது என்றால் உங்கள் கைக்கு வர நீண்ட நாள் ஆகும். ஒரு தொகுதி சேர்வதற்கே பல மாதம் வேண்டும். பிறகு ஒரு வெளிநாட்டுப் பதிப்பகம் உரிமம் வாங்க வேண்டும், அப்புறம் மொழிபெயர்ப்பு, அச்சு. உரிம அறிவிப்புக்கும் புத்தகத்துக்கும் நடுவில் ஓராண்டு போவது சாதாரணம். செவன் சீஸ், யென் பிரஸ், விஸ், கொடான்ஷா ஆகியவைதான் ஆங்கிலத்தில் அதிகம் யூரி கொண்டுவரும் பதிப்பகங்கள். அவர்கள் "உரிமம் பெற்றோம்" என்று சொன்னால் நாட்குறிப்பில் எழுதிவிட்டு மறந்துவிடுங்கள். "இந்த வாரம் வெளியீடு" என்றால் மட்டும் எழுந்து உட்காருங்கள்.

ஜப்பானியச் செய்திகளில் திரும்பத் திரும்ப வரும் சில சொற்களைக் காதில் போட்டுக்கொண்டால் மொழி தெரியாமலேயே பாதி புரியும். ரென்சாய் என்றால் தொடராக வருவது. சைஷூகாய், கடைசி அத்தியாயம். அனிமேகா, அனிமே ஆகிறது. ஜூஹான், மறு அச்சு. விற்பனை நன்றாக இருக்கிறது என்று பொருள், கொண்டாடலாம். உச்சிகிரி என்ற சொல் வந்தால்தான் வயிற்றைப் பிசையும்: தொடரைப் பாதியில் நிறுத்துகிறார்கள். பெரும்பாலும் முதல் ஓரிரு தொகுதிகள் விற்காததுதான் காரணம். அதனால்தான் பிடித்த தொடருக்கு முதல் தொகுதி வந்தவுடனே வாங்கச் சொல்கிறார்கள் ரசிகர்கள். திருட்டுப் பிரதியில் லட்சம் பேர் படித்தாலும் அந்தக் கணக்கில் ஒன்றுகூடச் சேராது.

எந்த இதழில் வருகிறது என்று பாருங்கள். இதழின் பெயர் கதையின் சுவையைப் பாதி சொல்லிவிடும். இச்சிஜின்ஷாவின் 'காமிக் யூரி ஹிமே' 2005இல் தொடங்கியது. அதற்கு முன் 'யூரி ஷிமை' என்ற இதழ் வந்து சீக்கிரமே நின்றுபோயிருந்தது. ஹிமே முதலில் காலாண்டிதழ், பிறகு இருமாத இதழ், 2017 ஜனவரி இதழிலிருந்து மாத இதழ். அதில் வந்தால் காதல் உண்டு, மழுப்பல் குறைவு. 'புளூம் இன்டு யூ' வந்த டெங்கேகி டையோ சிறுவர் இதழ் வகை. யூரி அங்கே பலவற்றில் ஒன்று. கிராரா குடும்பத்து இதழ்களில் நான்கு கட்டச் சிரிப்புக் கதைகள்தான் பெரும்பாலும். அங்கே பெண்கள் கையைக் கோத்துக்கொள்வார்கள், வாயைத் திறந்து காதல் என்று சொல்வது அரிது. இந்த ஒரு விவரம் தெரிந்திருந்தால் எத்தனையோ ஏமாற்றங்களை நான் தவிர்த்திருப்பேன்.

இன்னொரு சின்ன விஷயம். யூரி ஹிமே மாதம் 18ஆம் தேதி வரும். ஆனால் அட்டையில் இருக்கும் மாதம் முன்னே ஓடும்: அந்த 2017 ஜனவரி இதழ் கடைக்கு வந்தது 2016 நவம்பர் 18. செய்தியில் "ஜனவரி இதழில் முடிகிறது" என்று பார்த்துவிட்டு இன்னும் நாளிருக்கிறது என்று நினைத்தால் ஸ்பாய்லர் உங்களைத் தேடி வந்துவிடும்.

இப்போது எல்லாமே இதழில்தான் தொடங்குகிறது என்றும் சொல்ல முடியாது. அராய் சுமிகோவின் 'த கை ஷி வாஸ் இன்ட்ரஸ்டட் இன் வாஸ்ன்ட் எ கை அட் ஆல்' 2022இல் ட்விட்டரில் சில பக்கங்களாக வந்தது. இசைத்தட்டுக் கடையில் வேலை செய்யும் 'அவனை' ஒருத்தி விரும்புகிறாள். அந்த 'அவன்' தன் வகுப்பிலேயே பக்கத்தில் உட்கார்ந்திருக்கும் பெண் என்பது அவளுக்குத் தெரியாது. கறுப்பு வெள்ளையோடு ஒரே ஒரு பச்சை. அந்தப் பச்சையாலேயே எங்கு பார்த்தாலும் அடையாளம் தெரிந்தது. இனோரியின் 'ஐ'ம் இன் லவ் வித் த வில்லனஸ்' 2018இல் இணைய நாவலாகத் தொடங்கி, அச்சு நாவல், மங்கா என்று வளர்ந்து 2023 அக்டோபரில் அனிமே ஆனது. இதற்கெல்லாம் ஒரே பெயர் என்பதால், செய்தியில் வருவது நாவலா மங்காவா என்று பார்த்துவிட்டு வாங்குங்கள்.

அனிமே செய்திகள் சமீப ஆண்டுகளில் அடுத்தடுத்து வருகின்றன. தகேஷிமா எகுவின் 'விஸ்பர் மீ எ லவ் சாங்' 2024 ஏப்ரலில் தொடங்கியது. ஆனால் கடைசி இரண்டு பகுதிகள் டிசம்பருக்குத் தள்ளிப்போயின. 2025 ஜூலையில் மிகாமி தெரெனின் 'வதனாரே', அக்டோபரில் 'திஸ் மான்ஸ்டர் வான்ட்ஸ் டு ஈட் மீ'. முன்னது கலகலப்பு, பின்னது கடலும் மரணமுமான இருட்டு. இரண்டையும் ஒரே யூரி என்ற சீட்டில் அடைப்பது எவ்வளவு அபத்தம் என்று பார்த்தாலே தெரியும்.

நான்காம் படி: விமர்சனத்தை விசாரிப்பது

விமர்சகர் எந்தத் தொகுதிவரை படித்தார்? இதுதான் முதல் கேள்வி. முதல் தொகுதியை மட்டும் வைத்துப் பாராட்டியவர் மூன்றாம் தொகுதியில் கையைப் பிசைந்துகொண்டிருக்கலாம். தமிஃபுல் வரைந்த 'ஹவ் டூ வீ ரிலேஷன்ஷிப்' நல்ல எடுத்துக்காட்டு. மற்ற கதைகள் முடியும் இடத்தில், அதாவது இருவரும் சேர்ந்துவிட்ட இடத்தில், இது ஆரம்பிக்கிறது. கல்லூரித் தோழிகளான மிவாவும் சயேகோவும் சரி, பழகிப் பார்க்கலாமே என்று சேர்கிறார்கள். பிறகு வருவதெல்லாம் உறவின் சிக்கல்கள். தொடக்கத்தின் சிரிப்பை மட்டும் சொன்ன விமர்சனத்தை நம்பி வந்தவர்கள் பாவம்.

அடுத்து, விமர்சகரின் அலுப்பை அளந்துகொள்ளுங்கள். முந்நூறு யூரி படித்தவருக்கு "மறுபடியும் மாணவர் மன்றம், மறுபடியும் மொட்டைமாடி" என்று கொட்டாவி வரும். உங்களுக்கு அது முதல் மொட்டைமாடி. "புதிதாக ஒன்றுமில்லை" என்ற வரியைப் புதியவர் பொருட்படுத்தத் தேவையில்லை. மாறாக, "ஒருத்தி வேண்டாம் என்று சொன்னதைக் கதை கேட்கவே இல்லை" என்று ஒரு விமர்சகர் எழுதியிருந்தால் அங்கே நில்லுங்கள். அது அலுப்பால் எழுதிய வரி கிடையாது.

முடிவைப் பற்றிய கவலை பலருக்கு உண்டு, காரணமும் உண்டு. யமகிஷி ரியோகோ 1971இல் வரைந்த 'ஷிரோய் ஹேயா நோ ஃபுதாரி' முதல் யூரி மங்கா என்று பலராலும் சொல்லப்படுகிறது. அதன் முடிவு துயரம். பெண்ணைக் காதலித்த பெண் சாகவோ பிரியவோ வேண்டும் என்ற வழக்கம் நெடுநாள் நீடித்தது. அதனால் "கடைசியில் இருவரும் சேர்ந்திருப்பார்களா" என்று கேட்பதை ஸ்பாய்லர் என்று நினைத்துத் தயங்காதீர்கள். நல்ல விமர்சகர்கள் கதையை உடைக்காமலேயே அதைச் சொல்லிவிடுவார்கள்.

மொழிபெயர்ப்பைத் தொடாத விமர்சனம் எனக்கு அரைகுறைதான். 'செய்லர் மூன்' கதையில் ஹருகாவும் மிச்சிருவும் காதலர்கள். பழைய அமெரிக்க ஆங்கில டப்பிங்கில் அவர்களை ஒன்றுவிட்ட சகோதரிகளாக மாற்றினார்கள். பார்வைகளையும் கைகோத்தலையும் வெட்ட முடியவில்லை. விளைவு, மறைக்க நினைத்ததைவிட விசித்திரமான ஒன்று திரையில் வந்தது. இப்போது அந்த அளவுக்கு யாரும் போவதில்லை. ஆனாலும் அழைப்புச் சொற்களில் நிறைய நழுவிப்போகும். குடும்பப் பெயரோடு 'சான்' என்ற மரியாதைச் சொல்லைச் சேர்த்து அழைத்தவள் ஒருநாள் வெறும் பெயரைச் சொல்கிறாள் என்றால் அந்தப் பக்கத்தின் இதயமே அதுதான். 'நீங்க' ஒருநாள் 'நீ' ஆவதன் கனம் தமிழ் வாசகருக்குச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. ஆங்கிலப் பதிப்பில் அது காணாமல் போயிருந்தால் ஒரு நல்ல விமர்சகர் அதைக் குறிப்பிட்டிருப்பார்.

ஐந்தாம் படி: ஜப்பானுக்கு வெளியேயும் எட்டிப் பாருங்கள்

இதைச் சுருக்கமாகவே சொல்கிறேன், இது தனிக் கட்டுரைக்கு உரியது. அலிசன் பெக்டெல் 1983 முதல் 2008 வரை ஒரு லெஸ்பியன் நட்பு வட்டத்தைப் பற்றித் துண்டுத் தொடராக வரைந்தார். திரைப்படங்களில் இரண்டு பெண்கள் ஆணைத் தவிர வேறெதையாவது பேசுகிறார்களா என்ற புகழ்பெற்ற சோதனை அதில் 1985இல் வந்த ஒரு துண்டிலிருந்துதான் பிறந்தது. அவருடைய 'ஃபன் ஹோம்' 2006, புதிய புத்தகமான 'ஸ்பென்ட்' 2025. டில்லி வால்டனின் 'ஆன் எ சன்பீம்' விண்வெளியில் நடக்கும் காதல் கதை. இணையத்திலேயே வெளிவந்து பிறகு புத்தகமானது. சீனாவின் டான் ஜியு வரைந்த 'தெயர் ஸ்டோரி' சிரித்துக்கொண்டே படிக்கலாம். அம்ருதா பாட்டீலின் 'காரி' 2008இல் வந்தது, மும்பையில் நடக்கும் கதை, இனிப்பு கிடையாது. இவற்றை மங்கா போலத் தேடாதீர்கள். கடைகளிலும் நூலகங்களிலும் கிராஃபிக் நாவல் என்ற வேறு அலமாரியில் இருக்கும்.

ஆறாம் படி: நீங்களும் இரண்டு வரி எழுதுங்கள்

நான்கைந்து தொடர்கள் முடிந்ததும் உங்களுக்கே ஒரு கருத்து வந்திருக்கும். நிறைய பேர் அதை வாயிலேயே வைத்துக்கொள்கிறார்கள். 1972இல் 'விம்மன்ஸ் காமிக்ஸ்' முதல் இதழில் ட்ரினா ராபின்ஸ் ஒரு பெண் தன்னை லெஸ்பியன் என்று வெளிப்படுத்தும் கதை வரைந்தார். அதைப் படித்த மேரி விங்ஸ் என்ற இளம்பெண்ணுக்கு அது வெளியிலிருந்து பார்த்து எழுதியதுபோலப் பட்டது. சும்மா இருக்காமல் 1973இல் 'கம் அவுட் காமிக்ஸ்' என்று சொந்தமாகவே ஒன்றை வரைந்து அச்சடித்துவிட்டார். லெஸ்பியன் காமிக்ஸ் புத்தகங்களின் வரலாறு பெரும்பாலும் அங்கிருந்துதான் சொல்லப்படுகிறது. நீங்கள் புத்தகம் போட வேண்டாம். இரண்டு பத்தி போதும்.

எழுதும்போது கதையைத் திருப்பிச் சொல்லி இடத்தை நிரப்பாதீர்கள். பின்னட்டையிலேயே அது இருக்கிறது. உங்களை நிறுத்திய ஒரு கட்டத்தை எடுத்துக்கொள்ளுங்கள், அது ஏன் நிறுத்தியது என்று எழுதுங்கள். பாத்திரங்களின் வயது, சம்மதம், தன்னைக் காயப்படுத்தும் காட்சிகள் பற்றிய எச்சரிக்கை இருந்தால் முதலிலேயே வையுங்கள், நடுவில் ஒளிக்க வேண்டாம். சொற்களில் கவனம்: தன்பாலீர்ப்பு என்று எழுதுங்கள். செய்தித்தாள்களில் நாம் பார்த்துப் பழகிய சில பழைய சொற்கள் உறவைப் படுக்கையாக மட்டுமே காட்டுகின்றன, யூரியில் பெரும்பகுதி படுக்கைப் பக்கமே போகாது. அப்புறம், எந்தத் தொகுதிவரை படித்தீர்கள் என்பதையும் தேதியையும் மேலேயே போடுங்கள். நான் 'ஸ்வீட் ப்ளூ ஃபிளவர்ஸ்' முதல் தொகுதிக்கு "முகங்கள் குழப்புகின்றன, தொடர்வேனா தெரியவில்லை" என்று எழுதியது இன்னும் இருக்கிறது. நான்காம் தொகுதிக்கு எழுதியதும் அதற்குக் கீழேயே இருக்கிறது. இரண்டுக்கும் நடுவில் ஐந்து மாதம்.